செங்குன்றத்துச் சரளையும் காவிரித் தண்ணீரும்: ஆர்தர் காட்டனின் கதை

செங்குன்றம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நெல் விவசாயியாக இருந்தால் அரிசி ஆலைகளும் மூட்டை ஏற்றி நிற்கும் லாரிகளும்தான். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக்காரர் என்றால் புழல் ஏரியும் வெளிவட்டச் சாலையும் கண்ணில் நிற்கும். வண்டலூரிலிருந்து புறப்பட்டு நசரத்பேட்டை, நெமிலிச்சேரி, பாடியநல்லூர் வழியாக மீஞ்சூர் வரை போகும் அந்த 62 கிலோமீட்டர் சாலையில் காய்கறி வண்டியோடு போகாத விவசாயி இந்த வட்டாரத்தில் குறைவு.

ஆனால் இந்தியாவில் முதன்முதலாகப் போடப்பட்ட இருப்புப் பாதைகளில் ஒன்று இதே செங்குன்றத்தில்தான் ஓடியது என்று சொன்னால் நம்புவீர்களா? ஆண்டு 1837. பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே பயணிகள் ரயில் ஓடுவதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பாதையில் ஆட்கள் ஏறிப் போகவில்லை, கல்தான் போனது. சென்னைப் பட்டணத்துச் சாலைகளுக்குப் போட, செங்குன்றத்தின் செம்பூராங்கல்லை வெட்டி ஏற்றி அனுப்புவதற்காகவே அந்தத் தடம் போடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சிறிய தடம் ஒன்றைப் போட்டுச் சோதித்தும் பார்த்திருந்தார்கள்.

அந்த வேலையின் பின்னால் இருந்தவர், காவிரி டெல்டாக்காரர்கள் நன்றாக அறிந்த மனிதர். முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டிய அதே ஆர்தர் காட்டன். இந்தியாவில் முதல் தடங்களில் ஒன்றைப் போட்ட அவரே பிற்காலத்தில், ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குக் கொடுங்கள் என்று ஆயுள் முழுவதும் மல்லுக்கட்டினார். அந்த வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. உங்கள் ஊர் வழியாகப் புதிதாக ஒரு சாலை வரும்போதெல்லாம் அது திரும்பவும் எழுகிறது.

ஏரிகளில் தொடங்கிய பாடம்

காட்டன் பிறந்தது 1803 மே 15-ல், இங்கிலாந்தில். 11 பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 10-வது மகன். 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு 18 வயதுதான்.

வந்த மறு ஆண்டே அவரைத் தென்மாவட்டங்களின் ஏரிகளைப் பார்க்கும் துறையில் போட்டார்கள். இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். அவருடைய தொழிலுக்கு அடித்தளம் விழுந்தது நம்முடைய ஏரிக்கரைகளில்தான். மதகு எப்படி வைத்திருக்கிறார்கள், கலிங்கு எந்த மட்டத்தில் நிற்கிறது, ஒரு ஏரி நிரம்பினால் உபரி அடுத்த ஏரிக்கு எந்த வழியாகப் போகிறது என்பதையெல்லாம் குதிரை மேல் அலைந்து பார்த்தார். பாம்பன் கடற்காலை அளந்தார். பர்மாப் போருக்கும் போனார். 1828-ல் கேப்டன் ஆனதும் காவிரியை ஆராயும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

கொள்ளிடம் குடித்த தண்ணீர்

அப்போது தஞ்சாவூர்ச் சீமையின் நிலை என்ன தெரியுமா? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடத்துக்குச் சரிவு அதிகம், கடலுக்குப் போகும் வழியும் நேர்வழி. தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது. காவிரியின் தலைப்பிலோ மணல் மேடிட்டது. வெள்ளம் வந்தால் கொள்ளிடம் வாரிக் குடித்தது. பாசனம் செய்ய வேண்டிய காவிரி வற்றியது. ஆண்டுதோறும் ஆள் விட்டு மணலை அள்ளித்தான் தண்ணீரைக் கொண்டுவர வேண்டியிருந்தது. சிலசமயம் அள்ளிய மணலை அடுத்த வெள்ளமே திரும்பக் கொண்டுவந்து போட்டது.

காட்டனுக்கு வழி தெரிந்தது. கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஒரு தாழ்வான அணை வைத்து, சாதாரண நாளில் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்ப வேண்டும். வெள்ள நாளில் அது அணைக்கு மேலே வழிந்து கொள்ளிடத்தில் போய்விட வேண்டும். சேரும் மணலைத் தள்ளிவிட அடியில் மதகுகள் வேண்டும்.

ஆனால் அடித்தளம்? கொள்ளிடத்தில் எத்தனை ஆழம் தோண்டினாலும் மணல்தான். பாறை தட்டும் வரை போவதென்றால் கம்பெனி கஜானா தாங்காது. இந்த இடத்தில்தான் அவர் கல்லணையிடம் போனார். அங்கே சுண்ணாம்புக் காரை கூட இல்லாமல், கரடுமுரடான கற்களைக் களிமண்ணோடு சேர்த்து ஆற்று மணலில் போட்டிருந்தார்கள். போட்ட கல் தன் எடையாலேயே மணலுக்குள் இறங்கும். அதன் மேல் இன்னும் கல் போட்டால் அதுவும் இறங்கும். ஓரிடத்தில் இறங்குவது நின்றுவிடும். அதற்குமேல் வெள்ளம் அதை அசைக்காது. பல நூற்றாண்டு வெள்ளத்தைத் தாங்கி அது நிற்பதே போதுமான சான்று.

அளவிட முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைத் தாங்கள் கற்றது கல்லணையைக் கட்டிய பழைய தமிழர்களிடம்தான் என்று காட்டன் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். அதை வைத்துத்தான் அணைகளோடு பாலங்களையும் நீர்ப்பாலங்களையும் கட்டினோம் என்றும் ஒப்புக்கொண்டார். ஆள வந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளர், அந்தக் காலத்தில், இப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை.

இன்னொரு நாட்டு வித்தையும் அவருக்குக் கைகொடுத்தது. செங்கல்லால் வட்டக் கிணறுபோல் கட்டி, உள்ளே மணலை அள்ள அள்ள அது தானாகக் கீழே இறங்கும். நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறைதான். வரிசையாக அப்படிக் கிணறுகளை இறக்கி, உள்ளே நிரப்பி, அதன் மேல் சுவர் எழுப்புவார்கள். இன்றும் பெரிய ஆற்றுப் பாலங்களின் தூண்களுக்குக் கீழே இருப்பது அந்த உறைக்கிணற்றின் வாரிசுதான். இப்போது செங்கல்லுக்குப் பதில் கான்கிரீட், அவ்வளவே.

1836-ல் தொடங்கிச் சுருக்காகவே இரண்டு அணைகளும் எழுந்தன. முக்கொம்பில் சுமார் 685 மீட்டர் நீளத்துக்கு மேலணை. அங்கிருந்து 100 கிலோமீட்டர் வாக்கில் கீழே, கும்பகோணத்துக்கு வடக்கே அணைக்கரையில் கீழணை. கொள்ளிடத்தில் தப்பிப் போகும் தண்ணீரைக் கடைசியாக ஒருமுறை பிடித்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும், தெற்கே சீர்காழிப் பக்கத்து வாய்க்கால்களுக்கும் கொடுப்பது கீழணையின் வேலை.

எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக அமைந்துவிடவில்லை. மேலணை வந்த பிறகு காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் திரும்பியது, கரை அரித்தது, படுகை ஆழமானது. 1845-ல் காவிரியின் தலைப்பிலும் தரைமட்டத்தில் ஓர் அணை போட்டு அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆற்றின் ஒரு கையைக் கட்டினால் மறு கை சும்மா இருக்காது.

அணையே பாலமாக

கீழணையை நீங்கள் கட்டாயம் கடந்திருப்பீர்கள். சென்னையிலிருந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் பேருந்து, அணைக்கரையில் மெதுவாக ஊர்ந்து போகும் அந்தக் குறுகலான பாலம்தான். கொள்ளிடம் அங்கே இரண்டு கிளையாக இருப்பதால் பாலமும் இரண்டு துண்டாக இருக்கும். பாசனத்துக்கென்று போட்ட அணை, இரண்டு கரை மக்களுக்கும் தலைமுறை தலைமுறையாகச் சாலையாகவும் உழைத்தது. வண்டி மாட்டுக் காலத்துக்காக நினைத்த கட்டுமானத்தில் டிப்பர் லாரிகளை ஓட்டினால் என்ன ஆகும்? வலுவிழந்து, கனரக வாகனங்களுக்குத் தடை போட வேண்டிய நிலை வந்தது.

முக்கொம்பு இன்னும் பெரிய எச்சரிக்கை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தில் பெருவெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது மேலணையின் மதகுகள் உடைந்தன. மொத்தம் 9 மதகுகள் போயின. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டும்படி ஆயிற்று. 180 ஆண்டு தாங்கியதே என்று பெருமைப்படலாம்தான். ஆனால் ஆற்று மணலை ஆண்டுக்கணக்கில் அள்ளி அள்ளிப் படுகையைத் தாழ்த்திவிட்டால், மணலில் ஊன்றி நிற்கும் எந்த அடித்தளத்துக்கும் பிடிமானம் குறையும். கல்லணை கற்றுக் கொடுத்த வித்தையே மணலை நம்பித்தான் இருக்கிறது.

கோதாவரி

கொள்ளிட வேலையும் ஓயாத காய்ச்சலும் காட்டனின் உடம்பைக் கெடுத்தன. ஓய்வுக்காக ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள டாஸ்மேனியாத் தீவுக்குப் போனார். அங்கேயே 1841-ல் எலிசபெத் லியர்மன்த் என்ற பெண்ணை மணந்துகொண்டார். திரும்பி வந்தவரைக் கோதாவரிக் கரைக்கு அனுப்பினார்கள்.

அந்த மாவட்டம் அப்போது இருந்த இருப்பைக் கேட்டால் நெஞ்சு பதறும். அத்தனை பெரிய ஆறு கடலுக்குப் போய்க்கொண்டிருக்க, கரையில் இருந்தவர்கள் 1830-களின் தொடக்கத்து வறட்சியில் மடிந்தார்கள். 1821-ல் 7 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை, 20 ஆண்டுகளில் 6 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

1847-ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கியது. ஆற்றுக்கு நடுவே தீவுகள். அவற்றை இணைத்து நான்கு துண்டாக, மொத்தம் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு அணை. 1852-ல் முடிந்தது. ஆயிரக்கணக்கான கூலி ஆட்களைக் கூட்டி வேலை வாங்கிய மேற்பார்வையாளர் வீணம் வீரண்ணாவின் பெயரையும் இங்கே சொல்லாமல் போகக் கூடாது. பெரிய துரைகளின் கதையில் இப்படிப்பட்டவர்கள் பெயர் எப்போதும் அடிக்குறிப்பாகிவிடுகிறது. அணைக்குக் கீழே, ஆற்றின் ஒரு கிளையைத் தாண்டி வாய்க்காலைக் கொண்டுபோக 49 வளைவுகளோடு கன்னாவரத்தில் நீர்ப்பாலமும் எழுந்தது. ஆற்றுக்கு மேலே ஓர் ஆறு.

பழைய அணைக்குப் பதிலாகப் பின்னர் கட்டிய தவளேஸ்வரம் கதவணைக்கு இன்று காட்டனின் பெயர்தான். அதன் மேலே சாலை போகிறது. கோதாவரிக் கரை ஊர்களில் அவருக்கு நிறையச் சிலைகள் உண்டு.

ரயிலா, வாய்க்காலா?

இனி அந்தப் பழைய வழக்குக்கு வருவோம். 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக மின்சார ரயில் போகிறதே, அந்தத் தடத்தின் தொடக்கம் அதுதான். நாடு முழுவதும் ரயிலுக்குப் பணம் பாய்ந்தது. ரயில் கம்பெனிகள் போட்ட முதலுக்கு அரசே வட்டி உத்தரவாதம் கொடுத்தது.

காட்டன் கேட்டது எளிய கணக்கு. ரயில் தானியத்தைத் தூக்கிக்கொண்டு போகும், தானியத்தை விளைவிக்காது. வாய்க்கால் இரண்டையும் செய்யும். வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும், அதே தண்ணீரில் படகும் போகும். ஒரு மூட்டையைப் படகில் கொண்டுபோக ஆகும் செலவு ரயில் கட்டணத்தில் சிறு பங்குதான். ஆகவே பெரிய ஆறுகளை வாய்க்கால்களால் இணைத்து நாடு முழுவதும் படகுப் பாதை அமையுங்கள் என்றார். ஆறுகளை இணைப்பது பற்றி இன்று பேசுகிறவர்களில் பலர் அவருடைய பெயரை எடுப்பது இதனால்தான்.

1860-ல் ஓய்வு, 1861-ல் சர் பட்டம். வாதம் மட்டும் ஓயவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். ரயிலில் தானியம் வந்து இறங்கியது உண்மை. அதை வாங்கத்தான் கையில் காசில்லை. பட்டணத்தில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்காம் கால்வாயின் இணைப்புத் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதும் அப்போதுதான். 1878-ல் லண்டனில் பாராளுமன்றக் குழு முன்னால் 75 வயதுக் காட்டன் போய் உட்கார்ந்து, குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய யோசனையின் பேரில் ஒரு தனியார் கம்பெனி வெட்டிய கர்நூல்–கடப்பைக் கால்வாய் படகுக்கும் உதவவில்லை, லாபமும் தரவில்லை. 1882-ல் அதை அரசே விலைக்கு வாங்கியது. டெல்டாவின் சமவெளியில் பலித்தது, மேட்டு நிலத்தில் பலிக்கவில்லை. ரயிலின் வேகத்தையும் அவர் குறைத்தே மதிப்பிட்டார். ஆனாலும் அந்தக் கால்வாய் இன்று ராயலசீமாவின் வறண்ட நிலத்தில் பாசனம் செய்துகொண்டிருக்கிறது. கணக்கில் தோற்ற வாய்க்கால் களத்தில் தோற்கவில்லை.

நம் வட்டாரத்துக்கு இந்த வழக்கு எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று ஏரிகளாக இருந்த நாடு இது. அவற்றை இணைத்த வரத்து வாய்க்காலையும் போக்கு வாய்க்காலையும் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் சாலைகள் வந்தன. சாலை வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். கீரையும் மல்லிகையும் விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர வேண்டுமே. கேட்பதெல்லாம், உயர்த்திப் போடும் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்தைச் சரியான இடத்தில், சரியான மட்டத்தில், போதுமான அகலத்தில் வையுங்கள் என்பதுதான். சிறுபாலம் ஓரடி உயரமாக அமைந்துவிட்டால் மேற்பக்கத்து வயல் மழைக்காலம் முழுக்க மூழ்கும். ஓரடி குறுகிவிட்டால் முதல் பெருமழையில் சாலையே அறுந்து போகும். பூண்டியில் உபரி நீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கி, அந்தப் பக்கத்து ஊர்கள் சுற்றுவழியில் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

உங்கள் ஊரில் சாலை அளவெடுக்க ஆட்கள் வரும்போது, எந்த இடத்தில் எந்தத் திசையில் தண்ணீர் ஓடும் என்பதைக் கூடப்போய்க் காட்டுங்கள். முடிந்தால் கிராம வரைபடத்தில் வாய்க்காலின் புல எண்ணைக் குறித்து, ஊராட்சித் தீர்மானத்தோடு எழுத்தாகக் கொடுங்கள். தார் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

கடைசிக் காலத்து உழவு

காட்டனின் வாழ்க்கையில் பலருக்கும் தெரியாத ஒரு பகுதி உண்டு. இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களுக்கு அதுதான் பிடிக்கும். ஓய்வு பெற்று இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் குடியிருந்தபோது, வீட்டுத் தோட்டத்தில் கோதுமை போட்டார். வழக்கமாக உழுகிற ஆழம் போதாது என்பது அவர் எண்ணம். மண்ணை ஆழமாகக் கிளறி, காற்று உள்ளே போகும்படி செய்து, அந்த நிலத்தில் என்ன விளைகிறது, சாதாரண நிலத்தில் என்ன விளைகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஆழ உழவில் கதிர் பெருத்தது. 80 வயதுக்கு மேலும் அதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆழ உழவு நமக்குப் புதிதல்ல, அகல உழுவதைவிட ஆழ உழுவதன் அருமை நம் பெரியவர்கள் அறிந்ததுதான். டிராக்டர் ஒரே ஆழத்தில் ஓடி ஓடி நிலத்துக்கடியில் கெட்டித் தட்டு விழுந்திருந்தால், உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டி 40 செ.மீ. அளவுக்குக் கீறிவிடலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். கோடை மழைக்கு முன் செய்தால் விழுகிற தண்ணீர் உள்ளே இறங்கும். நெல் வயலுக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள், சேற்றுத் தட்டு உடைந்தால் தண்ணீர் நிற்காது.

1899 ஜூலை 24 அன்று, தமது 96-வது வயதில் காட்டன் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய மகள் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி வெளியிட்டார்.

செங்குன்றத்தில் அவருடைய தடத்தைத் தேடினால் இப்போது ஒரு தண்டவாளத் துண்டு கூடக் கிடைக்காது. ஆனால் வேறொரு வழியில் அவர் நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாற்றில் ஓடி வீராணத்தை நிரப்புகிறது. 2004 முதல் அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்து, பூந்தமல்லிச் சாலைக்குப் பக்கத்தில் உள்ள போரூர் நீரேற்று நிலையத்துக்கு வருகிறது. காட்டுமன்னார்கோவில் விவசாயி சம்பாவுக்கு எதிர்பார்க்கிற தண்ணீரும், போரூர்க் குழாயில் வருகிற தண்ணீரும் அதே கீழணையில் திரும்புவதுதான்.